“ஆட்சேபணை இல்லை”யாம்!

முனிசிபாலிட்டிக் கூட்டம் என்றால் அதில் என்ன நடக்கும் என்பது நமது வாசகர்களில் பெரும்பாலோர்க்குத் தெரிந்ததேயாகும். மேஜைமீது அஜெண்டா என்பதாக ஒரு காகிதம் இருக்கும். அதில் சாக்கடை, விளக்கு, குத்தகை, காண்டிராக்ட், அனுதாபம், பாராட்டு என்று வரிசையாக நம்பர் போட்டு எழுதியிருக்கும். ஒருவர் பிரேரேபிப்பார், ஒருவர் ஆமோதிப்பார், மற்றவர்கள் கையைத் தூக்குவார்கள். “தீர்மானம் ஏகமனதாய் நிறைவேறியது” என்று புத்தகத்தில் எழுதிவிட்டு எல்லோரும் காப்பி சாப்பிடப் போய்விடுவார்கள். அந்தத் தீர்மானம் அதற்குப் பிறகு என்னவாயிற்று, எந்தத் தெரு வரையில் போயிற்று, எவன் வீட்டுக் குடத்தில் ஒரு படி தண்ணீராய் வந்து விழுந்தது என்று கேட்பாரில்லை. கேட்டால், கேட்டவனுக்குத்தான் அதிகப்பிரசங்கி என்ற பட்டம் கிடைக்கும்.

ஆதலால் இந்த வாரம் ஒரே ஒரு ஊரின், ஒரே ஒரு தீர்மானத்தை எடுத்துக்கொண்டு, அது பிறந்தது முதல் பட்ட பாட்டை நமது தோழர்கள் முன் வைக்க விரும்புகின்றோம். நடந்து ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறதே, இப்போது அதைக் கிளறுவானேன் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. கடைசி வரையில் படித்துவிட்டு, அது பழைய கதைதானா என்று அவரவரே சொல்லிக்கொள்ளட்டும்.

மகத் என்பது அன்றைய பம்பாய் மாகாணத்தில் கொலாபா ஜில்லாவில் இருந்த ஒரு சிறு பட்டணம். இன்று அது மகாராஷ்டிரத்தில் ராய்காட் ஜில்லாவில் சேர்ந்தது. அவ்வூரில் சவுதார் குளம் என்று நாலைந்து ஏக்கர் விஸ்தீரணமுள்ள ஒரு குளம் உண்டு. குளம் முனிசிபாலிட்டியைச் சேர்ந்தது. குளத்தைச் சுற்றியுள்ள ரோடும் முனிசிபாலிட்டியைச் சேர்ந்தது. சாமான் வாங்கவோ, சர்க்கார் காரியமாகவோ வெளியூரிலிருந்து அங்கு வருகிற ஒருவனுக்குத் தாகமெடுத்தால் போய்க் குடிக்கக்கூடிய பொதுக்குளம் அது ஒன்றேதான். அதில் மேல்ஜாதி இந்து குடிக்கலாம், முஸ்லிம் குடிக்கலாம், கிறிஸ்தவர் குடிக்கலாம். தீண்டப்படாதார் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் மாத்திரம் குடிக்கக் கூடாது. அவர்கள் உச்சி வெயிலில் ஊருக்கு ஒதுக்குப்புறமான சேரிக் கிணற்றுக்கு நடந்து போய்த்தான் நாக்கை நனைத்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் அவர்களும் இந்துக்கள்தான் என்று அந்த மேல்ஜாதியாரே ஜனக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். தலை எண்ணுகிறபோது இந்து, தாகம் எடுக்கிறபோது தீண்டாதவன் என்றால் இதைவிடப் பெரிய பித்தலாட்டம் உலகத்தில் வேறெங்கேனும் உண்டா என்று கேட்கிறோம்.

நிற்க, 1923-ம் வருஷம் ஆகஸ்டு 4-ந் தேதி பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே என்பவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப் பணத்தில் கட்டி, பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் குளம், கிணறு, சத்திரம், பள்ளிக்கூடம், கோர்ட்டு, ஆஸ்பத்திரி முதலியவைகளைத் தீண்டப்படாதார் என்பவர்களும் உபயோகிக்க விட வேண்டும் என்பது அதன் கருத்து. தீர்மானம் நிறைவேறிற்று. அடுத்த மாதமே சர்க்காரும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு உத்தரவு அனுப்பிற்று. அதன்பேரில் மகத் முனிசிபாலிட்டி 1924-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி கூடி ஒரு தீர்மானம் செய்தது. அது என்னவென்றால், சவுதார் குளத்தைத் தீண்டப்படாதார் உபயோகிப்பதில் முனிசிபாலிட்டிக்கு “ஆட்சேபணை இல்லை” என்பதுதான்.

தோழர்களே! இந்த “ஆட்சேபணை இல்லை” என்கிற இரண்டு வார்த்தைகளைச் சற்று உற்றுப் பாருங்கள். உன் ஆட்சேபணையை யார் கேட்டார்கள்? குளம் பொதுக்குளம். சர்க்கார் உத்தரவு வந்துவிட்டது. “நாளை முதல் குளம் எல்லோருக்கும் திறந்துவிடப்படும்” என்று அதில் இருக்கிறதா? “தடுக்கிறவன்மீது நடவடிக்கை எடுக்கப்படும்” என்று இருக்கிறதா? “கரையில் ஒரு சேவகன் நிறுத்தப்படுவான், அதற்கு இவ்வளவு சம்பளம் ஒதுக்கப்படுகிறது” என்று இருக்கிறதா? ஒன்றுமில்லை. குளத்தில் இறங்குகிறவன் இறங்கிக்கொள்ளட்டும், அவனை அடிக்கிறவன் அடித்துக்கொள்ளட்டும், எங்களுக்கு இரண்டிலும் ஆட்சேபணை இல்லை என்பதுதான் அத்தீர்மானத்தின் உண்மையான அர்த்தம். சர்க்காருக்கு நல்ல பெயர், மேல்ஜாதிக்காரனுக்கு மனக்கஷ்டம் இல்லை, கவுன்சிலருக்கு ஓட்டு நஷ்டம் இல்லை. தாகமெடுத்தவனுக்கு மாத்திரம் தண்ணீர் இல்லை!

இந்தத் தீர்மானம் நிறைவேறி மூன்று வருஷம் இரண்டு மாதம் வரையில் ஒரு தீண்டப்படாத மனிதன்கூட அந்தக் குளத்தில் கை வைக்க முடியவில்லை. இப்படி ஊருக்கு ஊர் தீர்மானங்கள் தூங்கிக் கொண்டிருந்ததைக் கண்ட போலே அவர்கள் 1926 ஆகஸ்டில் மறுபடியும் சட்டசபையில் எழுந்து, நடைமுறையில் கொண்டுவராத ஸ்தல ஸ்தாபனங்களுக்குச் சர்க்கார் கொடுக்கும் பண உதவியை நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அவருக்காவது, இவர்கள் மனச்சாட்சி பணப்பெட்டியில் இருக்கிறதென்பது தெரிந்திருந்தது.

1927-ம் வருஷம் மார்ச்சு 19, 20 தேதிகளில் அதே மகத் ஊரில் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் மாநாடு கூடியது. ஆயிரக்கணக்கான மக்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே! பொதுக்குளம் ஊர் நடுவில் இருக்க, மாநாட்டார் மேல்ஜாதியாரிடம் 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீரை விலைக்கு வாங்கினார்கள். காசை வாங்கிக்கொண்ட கைக்குத் தீட்டு ஒட்டவில்லை. குளத்துத் தண்ணீருக்குத்தான் ஒட்டிவிடுமாம்! மறுநாள் மாநாட்டார் அணிவகுத்துக் குளத்துக்குச் சென்றார்கள். அம்பேத்கர் அவர்கள் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பிறகு மற்றவர்களும் குடித்தார்கள். அவ்வளவுதான் செய்த குற்றம். முனிசிபாலிட்டி ஆட்சேபணை இல்லை என்று எழுதி வைத்ததைத்தான் செய்தார்கள்.

உடனே, இவர்கள் அடுத்தபடியாக வீரேசுவரர் கோவிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று ஒரு புரளி கிளப்பி விடப்பட்டது. தடிகளோடு கூட்டம் திரண்டது. சாப்பிட்டுக் கொண்டிருந்தவர்களையும், ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டிக் கொண்டிருந்தவர்களையும் அடித்தார்கள். சோற்றை மண்ணில் கொட்டினார்கள். அடிபட்டவர்களில் சிலர் முஸ்லிம்கள் வீட்டில் ஓடி ஒளிந்து உயிர் பிழைத்தார்கள். தம் மக்கள் திருப்பி அடிக்கக் கிளம்பியபோது அம்பேத்கர் அவர்கள் தடுத்து நிறுத்தியிராவிட்டால் அன்று அந்த ஊர் என்னவாகியிருக்கும் என்பதை யோசித்துக் கொள்ளலாம்.

இது நிற்க, குளத்தின் கதியைக் கேளுங்கள். குளம் தீட்டாகிவிட்டதாம். ஆகவே 108 பானைத் தண்ணீரை வெளியே எடுத்து, அப்பானைகளில் சாணி, மூத்திரம், பால், தயிர் ஆகியவற்றைப் போட்டு, பார்ப்பனப் புரோகிதர்கள் மந்திரம் ஓத, குளத்துக்குள் அமிழ்த்தினார்களாம். உடனே குளம் சுத்தமாகிவிட்டதாம்! மனிதன் கை பட்டால் கெட்டுப்போகும் தண்ணீர், மாட்டின் மலமும் மூத்திரமும் பட்டால் நல்லதாகிவிடும் என்று உலகத்தில் எந்த ரசாயன சாஸ்திரி சொல்லியிருக்கிறான்? ஒரு துளித் தண்ணீரைக் கண்ணாடிச் சிமிழில் போட்டுச் சோதித்துப் பார்த்தால், அதில் சாணிக் கிருமி தெரியும், மூத்திர உப்பு தெரியும், ஜாதி தெரியுமா? மாட்டைவிட மனிதனைக் கேவலமாக்கி வைத்திருக்கிற ஒன்றுக்கு மதம் என்றும், அதைச் செய்து வைக்கிறவனுக்குக் குரு என்றும் பெயர் வைத்துக்கொண்டிருக்கிற வரையில் இந்த நாட்டுக்குச் சுயராஜ்யம் வந்தாலென்ன, வேறெது வந்தாலென்ன?

சரி, புரோகிதன்தான் பிழைப்புக்காகச் செய்தான் என்று வைத்துக்கொள்ளுவோம். படித்த கவுன்சிலர்கள் என்ன செய்தார்கள்? அவர்களும் கூடினார்கள். 1924-ம் வருஷத்துத் தீர்மானத்தை ரத்து செய்தார்கள். என்றைக்குத் தெரியுமா? 1927-ம் வருஷம் ஆகஸ்டு 4-ந் தேதி. அதாவது பம்பாய் சட்டசபையில் போலே தீர்மானம் நிறைவேறி நாள் பிசகாமல் நான்கு வருஷம் ஆன அன்று! தீர்மானம் காகிதத்தில் இருந்தவரையில் ஆட்சேபணை இல்லை. அது குளத்தில் இறங்கினவுடன் ஆட்சேபணை வந்துவிட்டது. இதிலிருந்தே அந்தத் தீர்மானம் எதற்காகச் செய்யப்பட்டது என்பது வெட்டவெளிச்சமாகவில்லையா?

பிறகு வருஷக் கடைசியில் அம்பேத்கர் அவர்கள் மறுபடியும் மக்களைத் திரட்டினார். இந்தத் தடவை மேல்ஜாதிக்காரர்கள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். குளம் தங்களுடைய சொந்தம், நினைவுக்கெட்டாத காலந்தொட்டுத் தங்கள் வழக்கம் என்று டிசம்பர் 12-ந் தேதி வழக்குப் போட்டு, 14-ந் தேதியே தற்காலிகத் தடையுத்தரவு வாங்கிவிட்டார்கள். தீண்டப்படாதான் தாகத்துக்கு மூன்று வருஷம் அசையாத தேசத்தில் மேல்ஜாதிக்காரன் தீட்டுக்கு இரண்டே நாளில் உத்தரவு! குளத்துப் போராட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் டிசம்பர் 25-ந் தேதி மநுதர்ம சாஸ்திரம் அதே மகத்தில் நெருப்பில் வைத்துக் கொளுத்தப்பட்டது. கொளுத்த வேண்டுமென்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஜி.என். சகஸ்ரபுத்தே என்ற, பிறப்பால் பார்ப்பனரான ஒருவரே. அந்த மாநாடு செய்த தீர்மானத்துக்கும் அந்த முனிசிபாலிட்டி செய்த தீர்மானத்துக்கும் உள்ள பேதத்தைப் பாருங்கள். முன்னது இரவு விடிவதற்குள் நடந்து முடிந்தது. பின்னது மூன்று வருஷத்துக்கு மேல் தூங்கிச் செத்தது.

வழக்கு என்னவாயிற்று? 1931-ல் மகத் கோர்ட்டில் மேல்ஜாதியார் தோற்றார்கள். 1933-ல் தானா கோர்ட்டு அப்பீலிலும் தோற்றார்கள். விட்டார்களா? பம்பாய் ஹைக்கோர்ட்டுக்குப் போனார்கள். 1937-ம் வருஷம் மார்ச்சு 17-ந் தேதி அங்கும் தோற்றார்கள். அம்பேத்கர் தண்ணீர் குடித்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் பத்து வருஷத்துக்கு மூன்று நாள்தான் குறைவு. ஒரு கைத் தண்ணீர் நியாயமானதுதான் என்று சொல்ல மூன்று கோர்ட்டும் பத்து வருஷமும் தேவைப்பட்டன!

அதிலும் என்ன காரணத்தால் ஜெயித்தது? மனிதனுக்கு மனிதன் சமம் என்பதாலா? இல்லை. அந்த வழக்கம் நினைவுக்கெட்டாத காலந்தொட்டு இருந்து வருவதாக வாதிகள் ருஜுப்படுத்தவில்லை என்பதால்! அப்படியானால், ருஜுப்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு அக்கிரமம் போதுமான அளவு பழையதாகிவிட்டால் அது உரிமையாகிவிடுமா? நேற்றுத் திருடியவன் திருடன், பாட்டன் காலத்திலிருந்து திருடி வருகிறவன் சொந்தக்காரன் என்பதுதான் நியாயமா? பழக்கம், வழக்கம், முன்னோர், சாஸ்திரம் என்கிற சொற்களைக் கேட்டாலே நாம் ஏன் சீறுகிறோம் என்று கேட்கும் நண்பர்கள் இந்த ஒரு வழக்கைப் படித்துப் பார்க்கட்டும்.

இதற்கு அவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானங்கள் இரண்டு. ஒன்று, ஜனங்கள் பக்குவப்பட வேண்டும், சிறுகச் சிறுகத்தான் வரும் என்பது. யார் பக்குவப்பட வேண்டும் என்று கேட்கிறோம். தண்ணீர் குடிக்கிறவனா? அவன் பிறந்த அன்றே பக்குவமாகத்தான் இருக்கிறான். தடுக்கிறவன் பக்குவப்படும் வரையில் தாகமெடுத்தவன் காத்திருக்க வேண்டுமானால், திருடன் மனம் திருந்தும் வரையில் வீட்டுக்காரன் புகார் கொடுக்காமல் இருக்கட்டுமே!

மற்றொன்று, முனிசிபாலிட்டி என்ன செய்யும், அதனிடம் போலீசா இருக்கிறது, பட்டாளமா இருக்கிறது என்பது. இது அதைவிடப் பெரிய புரட்டு. ஒரு ஏழை வீட்டு வரி பாக்கி வைத்தால் வாசலுக்குச் சேவகன் வருகிறானா இல்லையா? பண்ட பாத்திரத்தை ஜப்தி செய்ய அதிகாரம் இருக்கிறதா இல்லையா? குடத்தைப் பறிக்கத் தெரிந்த முனிசிபாலிட்டிக்குக் குடத்தில் தண்ணீர் நிரப்ப மட்டும் சக்தியில்லை என்றால் யார் நம்புவார்கள்? இல்லாதது அதிகாரமல்ல, மனம்தான்.

மனமிருந்தால் தீர்மானம் எப்படியிருக்கும் என்பதற்கு நமது சென்னைக் கார்ப்பரேஷனையே காட்டலாம். 1920-ல் சர். பி. தியாகராயர் அவர்கள் தலைமையில் ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தார்கள். பிள்ளைகள் சாப்பிடுவதில் ஆட்சேபணை இல்லை என்றா எழுதினார்கள்? இல்லை. இந்தப் பள்ளிக்கூடம், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் செலவு என்று எழுதினார்கள். இடம் இருக்கிறது, தொகை இருக்கிறது, பெறுகிறவன் யார் என்பது இருக்கிறது. அதுதான் தீர்மானம். மற்றது சால்ஜாப்பு.

அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம், இப்போது சட்டம் வந்துவிட்டது என்பார்கள். வந்ததை நாம் மறுக்கவில்லை. 1924-லேயே நமது சென்னைச் சட்டசபையில் ஆர். வீரையன் அவர்கள், பொது ரஸ்தா, கிணறு முதலியவைகளில் தாழ்த்தப்பட்டோருக்கு உரிமை உண்டென்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1950-ல் வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்லுகிறது. 1955-ல் தண்டனைச் சட்டம் வந்தது. 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. காகிதத்துக்குக் குறைவில்லை.

ஆனால் 1997-ல் மதுரை ஜில்லா மேலவளவு பஞ்சாயத்துத் தலைவராய் வந்த முருகேசன் என்ற தாழ்த்தப்பட்ட தோழரும், அவரோடிருந்தவர்களும் பட்டப் பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்களே, அவர் செய்த குற்றம் என்ன? பஞ்சாயத்து நாற்காலியில் உட்கார்ந்ததுதானே! பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால், 1996 முதல் 2006 வரையில் பத்து வருஷம் தேர்தல் ஒழுங்காக நடக்க விடாமலும், நடந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்யும்படியும் செய்தார்களே, அங்கே தடுத்தது எந்தப் பார்ப்பான்? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் மனித மலம் கிடந்ததே, அது எந்த நூற்றாண்டு? மகத்தில் குளத்தைச் சுத்தம் செய்ய மாட்டு மலம். வேங்கைவயலில் தொட்டியை அசுத்தம் செய்ய மனித மலம். இடையில் ஓடியது தொண்ணூற்றைந்து வருஷம்!

நம்மைப் பின்பற்றுகிறவர்களிலேயே சிலர் இருக்கிறார்கள். பார்ப்பானைத் திட்டும் கூட்டமென்றால் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். தங்கள் தெருக் குழாயில் சேரித் தோழன் குடம் வைத்தால் முகம் சுளிப்பார்கள். மேலே இருப்பவன் தன்னைச் சூத்திரன் என்கிறபோது வருகிற ரோஷம், கீழே இருப்பவனைத் தான் அதைவிடக் கேவலமாய் நடத்துகிறபோது எங்கே போய்விடுகிறது? உனக்குக் கீழ் ஒருவன் இருக்கிறான் என்று நீ ஒப்புக்கொள்ளுகிற வரையில், உனக்கு மேல் ஒருவன் இருந்துதான் தீருவான். அதைச் சொல்லிக் கேட்டுக் கோபித்துக்கொண்டு இந்தப் பத்திரிகையை நிறுத்துகிறவர்கள் தாராளமாக நிறுத்திக்கொள்ளட்டும். நமக்கு ஆட்சேபணை இல்லை!

ஆகவே தோழர்களே! நாம் செய்ய வேண்டியது என்னவென்றால், இனிமேல் நமதூர் நகரசபையிலோ, பஞ்சாயத்திலோ ஒரு தீர்மானம் நிறைவேறிற்று என்றால் உடனே மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. எந்த இடத்தில், எந்தத் தேதிக்குள், எவ்வளவு ரூபாயில், யார் பொறுப்பில் என்று நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் அது தீர்மானமல்ல என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். நடவடிக்கைப் புத்தகத்தின் நகலைக் கேட்டு வாங்க 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாயும் ஒரு மனுவும் போதும். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கிராமசபை கூடுகிற நாளில் வயல் வேலை, கடை வேலை என்று சாக்குச் சொல்லாமல் போய் உட்கார வேண்டும். சேரிக்குக் குழாய் எத்தனை, ஊருக்குக் குழாய் எத்தனை என்று எண்ணிக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தீர்மானத்தைக் காகிதத்திலிருந்து குளத்துக்கு இறக்க வேண்டியவர்கள் நாமே என்பதை மறக்கக் கூடாது. மகத்தில் அம்பேத்கர் அவர்கள் இறங்கியிராவிட்டால் அந்த முனிசிபாலிட்டித் தீர்மானம் இன்றைக்கும் ரத்தாகாமல், பத்திரமாய், கரையான் தின்னாமல் இருந்திருக்கும். கவுன்சிலர்களும் தாங்கள் தீண்டாமையை ஒழித்தவர்கள் என்று பெருமை பேசிக்கொண்டே செத்திருப்பார்கள். உங்கள் ஊரில் அப்படிப் பத்திரமாய் இருக்கிற தீர்மானங்கள் எத்தனை? அடுத்த கூட்டத்துக்குள் எண்ணிப் பார்த்து, அதில் ஒன்றையாவது கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்துச் சேரித் தோழனையும் கூட்டிக்கொண்டு, தெருவில் இறங்குங்கள்.